யார் வீட்டுப் பணம்?

கேள்வி: நகரத்துக்குள் வரப்போகும் புதிய விரைவுச்சாலையைத் தனியார் கம்பெனியே தன் பணத்தில் கட்டித் தருகிறது, அரசுக்குப் பைசா செலவில்லை. அதற்கும் முட்டுக்கட்டை போட்டால் எப்படி? எதைச் செய்தாலும் உங்களுக்குக் குறைதானா?

பதில்: குறை சொல்வது எங்கள் பிழைப்பு, அதை விடுங்கள். கம்பெனி போடும் சொந்தப் பணம் கொஞ்சம்தான், பெரும்பகுதி கடன். அதை வட்டியும் முதலுமாக அடைக்கப்போவது டோல்கேட்டில் வரிசையில் நிற்கும் நீங்கள். சரி, சாலையில் போகிறவர் கொடுக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நினைத்த அளவு வண்டிகள் வராவிட்டால் நஷ்டம் யார் தலையில் விடியும்? வில்லங்கமே அங்கேதான்.

சிட்னியில் 2005-ல் கிராஸ் சிட்டி டனல் என்று நகர மையத்துக்கு அடியில் ஒரு டோல் சுரங்கச்சாலை திறந்தார்கள். அதுவும் அரசுக்குச் செலவில்லை என்ற பேச்சோடு வந்ததுதான். சொல்லப்போனால் அரசு கம்பெனியிடம் முன்பணம்கூட வாங்கிக்கொண்டது, அதுவும் டோலில்தான் ஏறியது. தினம் சுமார் 90,000 வண்டி ஓடும் என்று கணக்கு, ஆரம்பத்தில் தேறியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இத்தனைக்கும் தரைமேல் இருந்த இலவசச் சாலைகளில் சிலவற்றைக் குறுக்கியும் மூடியும் ஜனங்களைச் சுரங்கத்துக்குள் தள்ளப் பார்த்தார்கள், ஊரே கொதித்துப்போனது. 2006 டிசம்பரில் கம்பெனி, கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. அப்புறம் வாங்கினவர்களும் 2013-ல் கையை விரித்தார்கள்.

கலிபோர்னியா கதை இன்னும் அழகு. அங்கே 91-ஆம் எண் நெடுஞ்சாலையின் நடுவில் 1995-ல் தனியார் டோல் லேன்கள் வந்தன. பக்கத்தில் இருக்கும் இலவச லேன்களை அரசு அகலப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. நெரிசல் கழுத்தை நெரித்தபோதும் அரசால் தன் சாலையிலேயே கை வைக்க முடியவில்லை. கடைசியில் 2003-ல் ஆரஞ்ச் கவுண்டி போக்குவரத்து அமைப்பு 20.75 கோடி டாலர் கொடுத்து அந்த லேன்களையே வாங்கித்தான் மீண்டது.

அப்படியானால் அரசே கட்டினால் ஒழுங்காக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. பாஸ்டனில் 280 கோடி டாலரில் முடியும் என்ற சாலைச் சுரங்கத் திட்டம் 1,400 கோடியைத் தாண்டியது. வண்டிகளைக் கூட்டிக் காட்டுகிறவருக்கு டெண்டர் கிடைக்கிறது, செலவைக் குறைத்துக் காட்டுகிறவருக்கு அனுமதி கிடைக்கிறது, பிறகு கணக்கு எப்படி நிஜமாக இருக்கும்?

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: வண்டி எண்ணிக்கை மதிப்பீட்டை யார், யாரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தயாரித்தார்கள்? வசூல் குறைந்தால் அரசு ஈடுகட்டுமா? நாளைக்கு அதே வழியில் பஸ் தடமோ மெட்ரோவோ போட்டால் கம்பெனிக்கு இழப்பீடு உண்டா? நிலம் எடுக்கும் நோட்டீஸ் வருவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை முழுசாக வெளியிடட்டும், கணக்கு நேராக இருந்தால் அடுத்த இதழிலேயே ஆதரித்து எழுதுகிறேன். வணிக ரகசியம் என்று பதில் வந்தால், அந்தப் பைசா யாருடையது என்று நீங்களே எனக்கு எழுதுங்கள்.