கிக் விழுகிறது, கால் அசையவில்லை

வணக்கம் அண்ணா,

செந்தூலில் வீட்டு அறையிலேயே தமிழில் ஒரு டிஸ்கோ பாட்டு செய்துகொண்டிருக்கிறேன். வேகம் நிமிடத்துக்கு 128 தட்டு. நான்கு தட்டுக்கும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), வயலின் சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு), ஸ்டிராட்டோகாஸ்டர் கிட்டார் எல்லாம் போட்டாயிற்று. ஆனாலும் எழுபதுகளின் வாடை வரவில்லை, ஜிம்மில் ஓடும் பாட்டு மாதிரி இருக்கிறது. கிட்டாரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வேறு. அக்காள் கல்யாண விருந்தில் போட வேண்டும். எங்கே தவறு?

வாசகர், செந்தூல்

வணக்கம் தம்பி,

முதலில் வேகத்தைக் குறையுங்கள். 128 பிற்கால ஹவுஸ் இசைக்குப் பழகிய வேகம். அமெரிக்க டிஸ்கோ குழு ஷீக்கின் 'குட் டைம்ஸ்' (1979) 110ஐ ஒட்டி ஓடுகிறது. அந்தக் குழுவின் கிட்டார்காரர் நைல் ரோஜர்ஸ், டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையருடன் வாசித்த 'கெட் லக்கி' (2013) 116. ஒரு தட்டை நான்காகப் பிரித்தால் 128இல் ஒரு பங்குக்கு 117 மில்லிசெகண்ட், 116இல் 129. கிட்டார் மூச்சு விடுவது அந்தக் கூடுதல் 12இல்தான்.

உங்கள் சிக்கலில் பாதி ஹை-ஹேட்டில் (காலால் திறந்து மூடும் இரட்டை ஜால்ரா) இருக்கும். ஒவ்வொரு தட்டையும் 'தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள். 'த'வில் கிக். 'தி'யில் ஹேட் திறக்க வேண்டும், அடுத்த 'த'வில் மூடிவிட வேண்டும். பிலடெல்ஃபியா டிரம்மர் எர்ல் யங் எழுபதுகளின் தொடக்கத்தில் ஊன்றிவிட்ட வாசிப்பு இது. டிரம்மர் காலால் மூடுகிறார். சாம்பிளுக்குக் கால் இல்லை. திறந்த ஒலி கிக்கின்மேல் வழிந்து 'ஸ்ஸ்' என்ற படலமாகிவிடுகிறது. திறந்த ஹேட், மூடிய ஹேட் இரண்டையும் ஒரே சோக் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் மற்றது அடங்கும் அமைப்பு) போட்டு, 'த'வில் மூடிய ஹேட்டை மெதுவாக வையுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு ஒருமுறை கேளுங்கள், பாட்டே மாறியிருக்கும்.

கிக்கும் வறண்டு இருக்க வேண்டும். அந்நாளில் டிரம்முக்குள் தலையணை, போர்வை திணித்தே பதிவு செய்தார்கள். உங்கள் சாம்பிளின் வாலை 200 மில்லிசெகண்டுக்குள் வெட்டுங்கள்; ரிவர்ப் (அறை முழக்கம்) வேண்டாம்.

பாஸில் ஆக்டேவ் தாவல் (ஒரே சுரம் ஸ்தாயி விட்டு ஸ்தாயி தாவுவது) மட்டும் போதாது, ஒவ்வொரு நோட்டும் எங்கே முடிகிறது என்பதே முக்கியம். 2, 4ஆம் தட்டில் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான டிரம்) விழுமுன் பாஸ் நின்றால் ஸ்னேர் தானாகப் பெரிதாகக் கேட்கும். கிக் விழும்போதெல்லாம் சைட்செயின் என்ற அமைப்பால் பாஸை அமுக்கி அமுக்கி எழுப்புவதும் பிற்காலப் பழக்கம்தான். தேவைப்பட்டால் 2 டெசிபல், அதற்கு மேல் போனால் ஜிம் வாடை திரும்பிவிடும்.

கிட்டாரில் வலது கை 'தகதிமி' நான்கிலும் நிற்காமல் ஆடட்டும். எது ஒலிக்க வேண்டும் என்பதை இடது கை விரல்களின் அழுத்தம் தீர்மானிக்கட்டும். மேல் ஸ்தாயியின் மூன்று நான்கு கம்பிகள் போதும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இரைச்சலுக்குக் காரணம் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்னலையாக்கும் ஒற்றைச் சுருள்). நம் மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது 50, 100, 150 என்று அடுக்காக ஏறும். கீழே வெட்டினாலும் மேலடுக்கு மிஞ்சும். கிட்டாரின் பிக்கப் ஸ்விட்சை 2 அல்லது 4ஆம் இடத்தில் வையுங்கள்; அங்கே இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும். நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் இரைச்சல் அடங்கிவிடும். கணினித் திரைக்கு நேராக உட்காராமல் கொஞ்சம் திரும்பி உட்காருங்கள்.

வயலின் சாம்பிள்கள் மெல்ல எழுபவை, அதனால் மென்பொருளின் தாளக் கட்டத்தில் சரியாக வைத்தாலும் பிந்தியே கேட்கும். 30 முதல் 60 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளுங்கள். பாடகர் பாடும்போது வயலின் சும்மா இருக்கட்டும். வரி முடிந்த இடைவெளியில் பதில் சொல்லட்டும்.

தமிழ் வரிகளில் நெடிலை 'த'வில் நிறுத்துங்கள். குறில் தட்டில் விழுந்து இழுபட்டால் 'கல்' 'கால்' ஆகிவிடும், பொருளே கெடும்.

விருந்துக்கு முன் மிக்ஸை மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டுப் பாருங்கள். மண்டபத்து ஸ்பீக்கர்களை மோனோவில் இணைத்திருந்தால், செயற்கையாக அகலப்படுத்திய வயலின் பாதி காணாமல் போகும். அப்படிப் போனால் அகலத்தைக் குறையுங்கள், சத்தத்தைக் கூட்டாதீர்கள்.