ஆப்ப சோடா எந்த அழுக்குக்கு ஆகும்?

சென்ற இதழில் டிஃபன் டப்பாவின் வாடையைப் போக்குவது பற்றி எழுதியபோது ஆப்ப சோடாவைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்து குவிந்த கடிதங்களைப் படித்தபின், இம்முறை பக்கம் முழுவதையும் அந்த வெள்ளைத் தூளுக்கே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது. பதில்களுக்குப் போகுமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மளிகைக் கடையில் ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று எப்படிக் கேட்டாலும் கிடைப்பது சோடியம் பைகார்பனேட் என்னும் ஒரே பொருள்தான். பேக்கிங் பவுடர் என்பது இதனுடன் அமில உப்பும் மாவும் சேர்ந்த வேறொரு கலவை. அதைத் துலக்கப் பயன்படுத்துவது வீண். வாஷிங் சோடா என்பது சோடியம் கார்பனேட்; அது கையை எரிக்கும் அளவுக்குக் காரம் மிகுந்தது, உணவில் சேரவே கூடாதது. மூன்றையும் ஒரே மாதிரி டப்பாக்களில் பெயர் எழுதாமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. ஆப்ப சோடாவைக் கொட்டி அதன்மேல் வினிகரை ஊற்றச் சொன்னார்கள். நுரை பொங்கி வந்ததே தவிர அடைப்பு அப்படியே இருக்கிறது. நான் அளவில் ஏதும் தவறு செய்துவிட்டேனா, அம்மா?
— வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தக் குறிப்பே தவறானது, ஆனால் பொங்கும் நுரையைப் பார்த்தவர்கள் அதை நம்பாமல் இருப்பது கடினம். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சந்தித்தவுடன் ஒன்றின் வலுவை மற்றொன்று அழித்துவிடுகிறது. நுரையாக மேலே வருவது கரியமில வாயு, பிறகு குழாயில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்னும் சாதுவான உப்பு கரைந்த தண்ணீர். கடையில் விற்கும் 5 சதவீத வினிகரில் ஏறக்குறைய 70 மில்லி ஊற்றினால் ஒரு தேக்கரண்டி சோடாவின் கதை முடிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கச் சோடாவும் இல்லை, உப்புக் கறையைக் கரைக்க வினிகரும் இல்லை என்ற நிலையில் அடைப்பு எப்படி அசையும்?

சமையலறை அடைப்பு பெரும்பாலும் உறைந்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்த கட்டி. பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது விட்டு, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்து ரப்பர் பம்பால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாயின் இணைப்புகள் தளர்ந்துவிடக்கூடும். அதற்கும் அசையாவிட்டால் சிங்க்கின் அடியில் உள்ள வளைவுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வதே வழி. சோடாவையும் வினிகரையும் கலந்து பாட்டிலில் அடைத்து வைக்கும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே சேரும் வாயு பாட்டிலை வெடிக்கச் செய்யும். அதைவிடப் பெரிய ஆபத்து, கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் கொட்டுவது. அப்போது கிளம்புவது நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு.

கேள்வி: பால் அடிபிடித்துக் கருகிய எவர்சில்வர் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்து உள்ளே கோடு கோடாக விழுந்துவிட்டது. சோடாவால் சரிசெய்ய முடியுமா?
— வாசகி, சேலம்

பதில்: விழுந்த கோடுகள் போகாது. அடுத்த முறை கோடு விழாமல் பார்த்துக்கொள்ளலாம். சோடா உண்மையாகவே தன் திறமையைக் காட்டும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கருகிய இடத்துக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி சோடாவைப் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்னதாகவே அடியிலிருந்து கடுகளவுக் குமிழிகள் சரம் சரமாகக் கிளம்புவதைக் காணலாம். சோடா சூட்டில் சிதைந்து, கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாஷிங் சோடாவாக மாறுகிறது என்பதன் அடையாளம் அது. ஆகவே பச்சைத் தண்ணீரில் கரைத்த சோடாவைவிடக் கொதிக்கவைத்த சோடாத் தண்ணீருக்குக் காரம் கூடுதல். பாலின் கொழுப்பையும் புரதத்தையும் இளக்குவது அந்தக் காரம்தான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், நன்றாக வெந்த தோசையின் ஓரம் தானாகக் கிளம்புவதுபோலக் கருகல் ஏட்டின் ஓரம் சுருண்டு எழுந்திருக்கும். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மரக்கரண்டியால் நெம்பினால் பெரும்பகுதி ஏடாகவே வந்துவிடும். மிச்சத்தின் மேல் மூன்று பங்கு சோடாவும் ஒரு பங்கு தண்ணீரும் சேர்த்துக் குழைத்த பசையைத் தடவித் துணியால் தேயுங்கள். சோடாத் துகள் மிக மென்மையானது. தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறத்தாழ 5.5 என்றால் சோடா 2.5 தான். அதனால் எவர்சில்வரிலும் கண்ணாடியிலும் கீறல் விழாது.

அலுமினியக் குக்கரிலும் சட்டியிலும் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். காரம் அலுமினியத்தின் மேலிருக்கும் காப்புப் படலத்தை அரித்து, பாத்திரத்தைக் கறுக்கச் செய்துவிடும்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்குக்கும், போர்வெல் தண்ணீரால் குளியலறைக் குழாயில் படிந்த வெள்ளைக் கறைக்கும் சோடா உதவுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுக்கும் உதவாது. இரண்டுமே புளிப்புக்குக் கட்டுப்படுபவை. விளக்குக்கு நம் பாட்டிமார்கள் எடுத்த புளியை மிஞ்சிய மருந்து இன்றும் இல்லை. குழாயில் படிந்திருப்பது சுண்ணாம்புச் சத்து. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். தரை மார்பிளாக இருந்தால் வினிகர் அதன்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மார்பிளும் அதே சுண்ணாம்பு இனந்தான்.

கேள்வி: மகனுடைய வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. சோடாவைக் குழைத்துப் பூசினேன்; மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது. சட்டையைக் கெடுத்துவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.
— வாசகி, மதுரை

பதில்: சட்டை கெடவில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீர் சிவக்கிறதே, அதுதான் உங்கள் சட்டையிலும் நடந்திருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தெரியும். சந்தேகமிருந்தால் சிவந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். கண்ணெதிரே மஞ்சளுக்குத் திரும்பும். நிறம் மாறியதே தவிரக் கறை போகவில்லை என்பதும் அதிலிருந்து விளங்கிவிடும்.

மஞ்சள் கறைக்கு உண்மையான எதிரி வெயில். சாம்பாரின் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் முதலில் எடுத்துவிட்டு, வழக்கம்போலச் சோப்புப் போட்டுத் துவைத்து, கறையுள்ள பக்கம் மேலே இருக்கும்படி ஈரத்தோடு உச்சி வெயிலில் உலர்த்துங்கள். ஒளி பட்டால் குர்க்குமின் சிதைந்துவிடும் என்பதால் ஒரே பகலில் கறை பாதியாக வெளுத்திருக்கும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் கண்ணுக்கே தெரியாது. சாயம் போட்ட துணிக்கு இவ்வளவு வெயில் ஆகாது.

கேள்வி: வேலைக்குப் போய்வரும் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்த பிறகும் அக்குளில் வியர்வை வாடை வருகிறது. துவைக்கும்போது சோடா சேர்க்கலாமா? எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. பட்டுப் புடவைக்கும் இதைச் செய்யலாமா?
— வாசகி, இராமநாதபுரம்

பதில்: பட்டுக்கு வேண்டவே வேண்டாம். பட்டும் கம்பளியும் புரத இழைகள். காரம் அவற்றின் வலுவையும் பளபளப்பையும் குறைக்கும்.

சட்டைகளுக்குத் தாராளமாகச் செய்யலாம். வியர்வைக்கு அது சுரக்கும்போது பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து உண்டாக்கும் கொழுப்பமிலங்கள்தாம் நாறுகின்றன. பருத்தியைவிடப் பாலியெஸ்டர் கலந்த துணி அவற்றை விடாமல் பிடித்துக்கொள்வதால், துவைத்த பிறகும் உடல் சூடு பட்டதும் வாடை திரும்பி வருகிறது. சோடா அந்த அமிலங்களை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். ஆவியாகாத பொருள் மூக்குக்கு எட்டாது. அரை வாளித் தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்து, சட்டைகளை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். அதே தண்ணீரில் வினிகரையும் சேர்த்தால் முதல் கேள்வியில் சொன்ன கதைதான்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காத குறையை மட்டும் ஆப்ப சோடா தீர்க்காது. தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துப் படியச் செய்யும் வலு வாஷிங் சோடாவுக்குத்தான் உண்டு. சோப்புத் தூள்களில் பலவற்றில் அது ஏற்கெனவே கலந்திருக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்து, தெளிந்த நீரில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்த காலத்தில் அழுக்கை நீக்கியதும் அந்த மண்ணிலிருந்த இதே கார உப்புதான். வேதியியல் நூல் எதையும் படிக்காமல் எந்த மண் வெளுக்கும் என்று கண்டறிந்த அவர்களுடைய அறிவை நான் நினைத்து நினைத்து வியப்பதுண்டு.

கேள்வி: ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் சோடாவைத் திறந்து வைத்தால் எல்லா வாடையும் போய்விடும் என்கிறார்களே?
— வாசகர், சென்னை

பதில்: இந்த வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1972ஆம் ஆண்டில் ஆர்ம் அண்ட் ஹாமர் நிறுவனம் தன் சோடாப் பெட்டியை ஃபிரிட்ஜில் திறந்து வைக்கும்படி விளம்பரம் செய்ய, அது வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. கிண்ணத்தில் குவிந்திருக்கும் தூளின் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடுகிறது. சில நாளில் அதுவும் ஈரத்தில் ஏடுகட்டிவிடும். வைப்பதானால் அகலமான தட்டில் மெல்லப் பரப்பி வையுங்கள். ஆனால் திரிந்த பாலும் புளித்த மாவும் வழிந்த தட்டை அப்படியே விட்டுவிட்டுத் தூளை நம்புவது சரியல்ல. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்து, தட்டுகளையும் கதவின் ரப்பர் மடிப்புகளையும் துடைத்தெடுங்கள்.

மீன் வாடைக்கு இது எடுபடாது. மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் தானே ஒரு காரப் பொருள். அங்கே எலுமிச்சையோ புளித் தண்ணீரோதான் வேண்டும். மீன் கழுவிய கையில் புளியைத் தேய்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

கேள்வி: சோடா கிருமிகளைக் கொல்லுமா? கைக்குழந்தையின் பால்புட்டியை அதில் கழுவினால் போதுமா?
— வாசகி, வேலூர்

பதில்: போதாது. சோடா வாடையையும் பிசுக்கையும் நீக்கும், ஆனால் கிருமிநாசினி ஆகாது. புட்டியை நன்றாகக் கழுவியபின் கொதிநீரில் போட்டு எடுப்பதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐந்து வயது மகள் சில இரவுகளில் மெத்தையை நனைத்துவிடுகிறாள். சோடா தூவியும் பழைய வாடை போகவில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நனைந்த அன்றே செய்தால்தான் சோடா பலன் தரும். புதிய சிறுநீர் பெரும்பாலும் இலேசான அமிலமாகவே இருக்கும். நாள் ஆக ஆக நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றிவிடுகின்றன, அம்மோனியா காரம். காரத்தின் மேல் காரத்தைத் தூவிப் பயனில்லை. பழைய இடத்தில் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து இலேசாகத் தெளித்து, துணியால் ஒற்றி, வெயிலில் முழுவதும் காயவிடுங்கள். காய்ந்த பிறகு சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். இனி நனைந்தால் உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு நேராகச் சோடாவைத் தூவலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: மெத்தையை வெயிலில் போடும்போது அக்கம்பக்கத்தாரிடம் காரணம் சொல்ல வேண்டாம். ஐந்து வயதில் இது வெகு சாதாரணம், ஆனால் வெட்கம் அந்தப் பிஞ்சு மனத்தில் வெகுநாள் தங்கிவிடும்.

கேள்வி: கறுத்துப்போன வெள்ளிக் கொலுசைப் பல்பொடியால் தேய்த்து வருகிறேன். இதைவிட நல்ல வழி உண்டா?
— வாசகி, காரைக்குடி

பதில்: உண்டு. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் சில்வர் சல்ஃபைடு. தேய்க்கும்போது அந்தக் கறுப்போடு வெள்ளியையும் சேர்த்தே இழக்கிறீர்கள். ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி சோடாவைத் தூவி, நன்கு சுட்ட நீரை மூழ்கும்படி ஊற்றுங்கள். சோடா அலுமினியத்தின் காப்புப் படலத்தை நீக்கிவிடுவதால், அலுமினியம் கந்தகத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு வெள்ளியை வெள்ளியாகவே விட்டுவிடுகிறது. அழுகிய முட்டையின் வாடை இலேசாக வந்தால் பயப்பட வேண்டாம், பிரிந்து போகும் கந்தகத்தின் வாடைதான் அது; சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சலங்கை மணிகளின் இடுக்கில் இருக்கும் கறுப்பும் ஐந்து நிமிடத்தில் வெளுத்து, தாளில் பழுப்புத் திட்டுகள் விழுந்திருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். முத்தோ, ஒட்டிய கல்லோ பதித்த நகையையும், வேலைப்பாடு எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே கறுப்பு ஏற்றிய வெள்ளிச் சாமான்களையும் இதில் போடாதீர்கள்.