நடைவண்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

அன்புள்ள ஐயா,

ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஆறு மாதங்களுக்கு முன் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு டீம் லீடாக உயர்த்தி, மூன்று நாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அங்கே சொல்லித்தந்த தலைமைக் கோட்பாடுகளில் எது நம் ஊருக்குப் பொருந்தும்? தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா? என் குழுவை நான் குடும்பமாகவே நடத்துகிறேன். மகளின் காதுகுத்துக்காக இரண்டு நாள் திருவண்ணாமலைக்குப் போயிருந்தபோது நான் இல்லாமல் ஒரு வேலையும் நகரவில்லை.

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

குழந்தைக்கு என் ஆசிகள். உலக வரலாறே மாமனிதர்களின் வரலாறு என்று ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1840இல் லண்டனில் முழங்கினார். எங்கும் எப்போதும் செல்லுபடியாகும் குணங்களின் பட்டியல் என ஒன்று தலைவருக்குக் கிடையாது என்று, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1948இல் அமெரிக்க உளவியலாளர் ரால்ஃப் ஸ்டாக்டில் எழுதினார். பிறப்பா வளர்ப்பா என்ற கேள்விக்கு இவ்வளவு போதும். என்னை எழுதவைத்தது உங்கள் கடைசி வரி. கவலைப்பட வேண்டிய ஒன்றை நீங்கள் பதக்கம்போலச் சட்டையில் குத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவாவில் உளவியலாளர் கர்ட் லெவினும் சகாக்களும் பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்துக் கவனித்தார்கள். அதட்டி ஏவும் தலைவரின் கீழ் வேலை குறையவில்லை, சற்றுக் கூடுதலாகவே நடந்தது. ஆனால் அவர் அறையை விட்டுப் போனதும் பையன்களின் கை ஓய்ந்தது. கூடிப் பேசி முடிவெடுத்துப் பழகிய குழுவிலோ தலைவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது.

நான் அதட்டுவதில்லையே, அன்பாகத்தானே நடத்துகிறேன் என்பீர்கள். உங்கள் பயிற்சியாளர் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒருவர் இங்கேதான் வருகிறார். பாட்னாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜே.பி.பி. சின்ஹா, நம் நாட்டில் பணியாளர் தம் மேலதிகாரியிடம் பரிவையும் வழிகாட்டுதலையும் எதிர்பார்க்கிறார் என்றும், ஆகவே பரிவு காட்டி, அந்தப் பரிவை வேலையோடு பிணைக்கும் தலைமையே இங்கே எடுபடும் என்றும் 1980இல் விரிவாக எழுதினார். நம் மேலாளர்களுக்கு இது தித்தித்தது, இதோடு நிறுத்திக்கொண்டார்கள். கீழிருப்பவர் தேர்ச்சி பெறப் பெறத் தலைவர் பிடியைத் தளர்த்தி, முடிவுகளில் அவரையும் சேர்த்துக்கொள்ளும் நிலைக்கு நகர வேண்டும் என்றும் அதே சின்ஹா சொன்னதை எவரும் நினைவில் வைத்ததாகத் தெரியவில்லை. உங்கள் மகள் நடக்கப் பழகியதும் நடைவண்டியைப் பரணில்தானே போட்டீர்கள்? ஒன்பது பெரியவர்களை இன்னும் அதில் நிறுத்திவைத்துக்கொண்டு குடும்பம் என்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் எவர் எதில் கெட்டிக்காரர் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் உண்டு. 1980களில் பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில், ஒரு தொழிற்சாலையில் உலோகத்தைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் பிரிவில் நான் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது, எங்கள் ஃபோர்மேன் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். என் முதல் மாத அறை வாடகையைக் கொடுத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்து மீன்குழம்பு போட்டவரும் அவரே. ஆனால் எந்த வேலைக்கு எந்தச் சாணைக்கல், அதை எப்போது வைரமுனையால் தீட்ட வேண்டும், கடைசி இழுப்பில் எவ்வளவு இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்த ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருந்தன. மஞ்சள்காமாலையில் அவர் மூன்று வாரம் படுத்தபோது, அவருடைய செல்லப்பிள்ளை என்று பெயரெடுத்த நான் ஒரு தண்டைக்கூட அளவுக்குக் கொண்டுவர முடியாமல் விழித்தேன். திரும்பி வந்தவர் குவிந்துகிடந்த கழிவுகளைப் பார்த்து, 'நான் இல்லேன்னா இதான் கதி' என்று சிரித்தார். உங்கள் வரியை வாசித்ததும் அந்தச் சிரிப்புதான் காதில் விழுந்தது. அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பணி ஓய்வு பெற்ற மாலையில், கழுத்து மாலையைக் கழற்றிவைத்துவிட்டு, அந்த நோட்டை அவர் என் கையில் கொடுத்தார். நான் அதைப் பதினொரு ஆண்டுகள் என் மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருந்தேன். பையன்கள் எதற்கு இதையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு கஷ்டப்பட வேண்டும், கேட்டால் நான் சொல்லிவிட மாட்டேனா என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.