'அமைதிப்படை 2' என்று தேடினால் வராதுங்க

'அமைதிப்படை 2' எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்களே, அந்தப் படத்தின் பேர் 'நாகராஜ சோழன் எம்.ஏ, எம்.எல்.ஏ'ங்க, 2013-இல் வந்தது. டிவியில் 'அமைதிப்படை 2' என்று போட்டதால்தான் 1994-இல் வந்த முதல் 'அமைதிப்படை'யே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது போல.

முதல் படத்தில் கோயிலில் தேங்காய் பொறுக்கும் அமாவாசை, ஓட்டு எண்ண எண்ண நாற்காலி நுனியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து உட்காருவாரே, அவர் அரசியலில் வைத்துக்கொண்ட பேர்தான் இந்தத் தலைப்பு.

'நாகராஜ சோழன்' என்று மட்டும் போட்டுப் பாருங்க. பின்னால் வரும் 'எம்.ஏ, எம்.எல்.ஏ'வை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். இயக்கம் மணிவண்ணன், நடிப்பு சத்யராஜ் என்றிருந்தால் அதுதான்.

ஒன்று, இதற்கு இசை இளையராஜா இல்லை, ஜேம்ஸ் வசந்தன். நம்ம கோவைப் பக்கத்துச் சூலூர்க்காரர் மணிவண்ணன் கடைசியாக இயக்கிய படம். கோவைக் குசும்பு உண்டு. முதல் படத்தின் காரம் கொஞ்சம் குறைவுதான்.