குறைமாதக் குழந்தையின் நுரையீரல்: டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், என் தங்கைக்கு 27-வது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை, 920 கிராம். 5 நாள் வென்டிலேட்டரில் இருந்தான். 45 நாள் ஆகியும் மூக்கிலிருந்து ஆக்ஸிஜன் குழாயை எடுக்க முடியவில்லை. ‘பி.பி.டி. என்ற நுரையீரல் நோய், வென்டிலேட்டரும் ஆக்ஸிஜனும் அதற்கு ஒரு காரணம்’ என்கிறார்கள். காப்பாற்றுவதற்காக வைத்ததே கெடுத்துவிட்டதா? வைக்காமலே இருந்திருக்கலாமோ?
வாசகி, திண்டுக்கல்

பதில்: வைக்காமல் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள் அம்மா. அதனால் அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். ஆனால் உங்கள் டாக்டர் சொன்னதும் பொய்யில்லை.

27 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் இருக்கிறது, காற்றுப்பைகள்தான் இன்னும் சரியாக உருவாகவில்லை. அவை பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் உருவாக ஆரம்பிக்கும். போதாததற்கு சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருளும் குறைவு. மளிகைக்கடையில் ஈரமான பாலித்தீன் கவர் ஒட்டிக்கொண்டு பிரியாமல் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தக் குழந்தை நுரையீரலைப் பிரிக்கப் போராடுகிறது. மிஷின் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் பிஞ்சுச் சுவர் காயமாகும், அதிகப்படி ஆக்ஸிஜன் புண்ணாக்கும், நோய்த்தொற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காயத்தை ஆற்றுவதிலேயே நுரையீரலின் நேரமெல்லாம் போய், வளர்வதற்கு மிச்சமில்லாமல் போகிறது. அதுதான் பி.பி.டி.

1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2 கிலோவுக்கு மேல். 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தான், மூச்சுத்திணறலில் போய்விட்டான். இன்று அதே எடைக் குழந்தை மாவட்ட மருத்துவமனையிலேயே பிழைத்து வீட்டுக்குப் போகிறது. நடுவில் வென்டிலேட்டர் வந்து குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்ததும்தான் இந்தப் புதிய நோயே கண்ணில் பட்டது. 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் நார்த்வே என்ற டாக்டரும் அவரது குழுவினரும் அதற்கு ‘ப்ராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா’ என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக பி.பி.டி. பிழைத்தவர்களுக்கு வருகிற நோய் இது.

அதற்கப்புறம் வந்த முன்னேற்றத்தில் பாதி, சிகிச்சையில் கையை அடக்கப் பழகியதுதான் என்று நான் சொல்வேன். எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் தொண்டையில் குழாய் போடுவதில்லை, தானாக மூச்சு விடுகிற பிள்ளைக்குப் பிரசவ அறையிலேயே மூக்கில் சிபாப் வைத்துவிடுகிறோம், நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் லேசான அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் கருவி அது. அதன் மறுமுனைக் குழாய் ஒரு பாட்டில் தண்ணீரில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு மூழ்கியிருக்கும். ராத்திரியில் என்.ஐ.சி.யு. என்கிற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுப் பக்கம் போனால் ‘களக் களக்’ என்று அந்தக் குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அது நின்றால்தான் நர்ஸ் ஓடுவார். சர்ஃபாக்டன்ட் தேவைப்பட்டாலும் மெல்லிய குழாய் வழியாக ஊற்றிவிட்டு உடனே எடுத்துவிட முடிகிறது. வென்டிலேட்டர்தான் வழி என்றால், ஒரு மூச்சுக்கு எடையில் கிலோவுக்கு 4 முதல் 6 மில்லிதான். உங்கள் தங்கை பையனுக்கு ஒரு மூச்சு என்பது ஒரு டீஸ்பூன் அளவு காற்று.

ஆக்ஸிஜனிலும் அப்படித்தான். காலில் கட்டியிருக்கும் சிவப்பு விளக்கு காட்டுகிற எண், அதாவது ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனின் சதவீதம், 90-இலிருந்து 95-க்குள் இருந்தால் போதும். 100 காட்டினால் பெற்றோருக்குச் சந்தோஷம், நர்ஸ் வந்து ஆக்ஸிஜனைக் குறைத்தால் ‘நல்லாத்தானே இருந்தது’ என்று சண்டைக்கு வருவார்கள். கூடினால் கண்ணின் விழித்திரைக்கும் ஆபத்து. சரி, இன்னும் குறைக்கலாமே என்று 85-89 வரை வைத்தும் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 5,000 குழந்தைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது அதில் இறப்பு கூடியிருந்தது. அதனால் அந்த 90-ஐ விட்டு இறங்குவதில்லை.

இனி உங்கள் தங்கை கையில் இருப்பது தாய்ப்பால். எடை ஏற ஏற நுரையீரலும் வளரும், காற்றுப்பைகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் வரை புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். வயிற்றில் இருந்த வாரங்களையும் பிறந்த பிறகான வாரங்களையும் கூட்டி, 36-வது வாரக் கணக்கில் ஆக்ஸிஜன் எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்துத்தான் நோய் எவ்வளவு தீவிரம் என்றே முடிவு செய்வார்கள், அவன் இப்போது 33-ஐத்தான் தாண்டியிருக்கிறான். முதல் இரண்டு வருஷம் சளி பிடித்தால் மற்ற பிள்ளைகளைவிட அதிகம் திணறுவான், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியும் வரலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 28-வது வாரம், வலி வருகிறது என்று சேர்த்திருக்கிறார்கள். குழந்தையின் லங்ஸ்-க்கு ஊசி என்று ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது, அடுத்த டோஸை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
வாசகி, விழுப்புரம்

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு டாக்டர் ஆடுகளுக்கு எப்படிப் பிரசவ வலி வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டிகள் வெகு சீக்கிரம் பிறந்தும் மூச்சு விடுவதைப் பார்த்து அசந்துபோனார். பிறகு ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1972-இல் வெளியிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கிற மருந்து இது. பாடிபில்டர்கள் போட்டுக்கொள்கிற ஸ்டீராய்டு வேறு, இது வேறு.

பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் 2 ஊசி, டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4. பிரசவத்துக்கு முன் கணக்கு முடிந்துவிட்டால் நல்லது. இந்தியாவும் சேர்ந்து 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது, சிசு மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6-க்கு இறங்கியிருந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், இந்த ஊசியால் பி.பி.டி.யின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதாகத் தெரியவில்லை. உயிரையும் ஆரம்ப மூச்சுத்திணறலையும் பொறுத்தவரை இதற்கு இணை கிடையாது. சர்க்கரை இருந்தால் இரண்டு மூன்று நாளைக்கு ஏறும், டாக்டரிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

கேள்வி: பேத்திக்குக் காஃபின் கொடுக்கிறார்களாம். பச்சைக் குழந்தைக்குக் காபியா?
வாசகர், கும்பகோணம்

பதில்: டிகிரி காபி இல்லை ஐயா, கும்பகோணத்துக்காரர் கவலைப்படுவது நியாயம்தான். குறைமாதக் குழந்தைகள் நடுநடுவே மூச்சு விட மறந்துவிடும், காஃபின் அதை ஞாபகப்படுத்தும். 2006-இல் வெளியான ஆய்வில் குழந்தைகளின் எண்ணிக்கையும் 2006, மறக்க முடியாத கணக்கு. காஃபின் கொடுத்த குழுவில் 36 சதவீதத்துக்கும் கொடுக்காத குழுவில் 47 சதவீதத்துக்கும் பி.பி.டி. வந்தது. வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் வெளியே வந்ததுதான் முக்கியக் காரணம். நம்மிடம் இருக்கிற மருந்துகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு நல்லது செய்வது வேறில்லை.

கேள்வி: சர்ஃபாக்டன்ட்டுடன் புடசொனைடு என்ற ஸ்டீராய்டைக் கலந்து நுரையீரலுக்குள் கொடுத்தால் இந்த நோய் வராது என்று இணையத்தில் படித்தேன். ஏன் எங்கள் ஊரில் கொடுப்பதில்லை?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படித்தது பழைய செய்தி. 2016-இல் தைவானிலிருந்து வந்த முடிவைப் பார்த்து நாங்களும் துள்ளினோம். ஆஸ்திரேலியாவின் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து பார்த்து 2024-இல் வெளியிட்டபோது பலன் தெரியவில்லை.

கேள்வி: 29 வாரத்தில் பிறந்த மகளை இரண்டரை மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். எண்ணெய்க் குளியலுக்குப் பின் சாம்பிராணி போட்டால்தான் சளி பிடிக்காது என்கிறார் மாமியார். நான் மறுத்தால் வீட்டில் சண்டை. என்ன செய்ய?
வாசகி, தென்காசி

பதில்: இந்த ஒரு விஷயத்தில் சண்டை போடலாம் அம்மா. அந்த நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. சாம்பிராணி, கொசுவர்த்தி, வாசல் தாண்டிக் குடித்துவிட்டு வருகிற பீடி எல்லாம் ஒரே கணக்கு. கொசுவுக்கு வலை கட்டுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டாம், நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம், கற்பூரம் இந்த வயதில் வலிப்பை வரவழைக்கும்.

மாமியாரிடம் ‘புகை கூடாது’ என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கை சும்மா இருக்காது, வேறு வேலை கொடுங்கள். குழந்தையைத் துணி விலக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்கிற கங்காரு முறையை ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அதைப் பாட்டியும் செய்யலாம், குளித்து முடித்த குழந்தையின் தலையைத் துவட்டிக் குல்லா போட்டு அவர் நெஞ்சிலேயே ஒரு மணி நேரம் கிடத்துங்கள். தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கிலேயே போடுங்கள், வீட்டிலுள்ள பெரியவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளட்டும். முகம் பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் இருமுகிறவரை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பழியை டாக்டர் மேல் போட்டுக்கொள்ளலாம்.