தோல் கழலை நோய்: தமிழக–கேரள எல்லையோர மாடு வளர்ப்போரின் கேள்விகள்

கேள்வி: மாட்டுக்கு உடம்பெல்லாம் கழலை. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தால் போதாதா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: காய்ச்சல் அடிக்கும் நாட்களில் ரத்தம் உதவும், பிறகு வைரஸ் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். கழலையின் மேல் காயும் பக்கில் (பொருக்கில்) அது ஒரு மாதத்துக்கு மேலும் தங்கும். எனவே பக்குதான் முதல் தேர்வு. மருந்து தடவுவதற்கு முன்பே, இரண்டு மூன்று கழலைகளிலிருந்து கால்நடை மருத்துவரைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். சுத்தமான திருகுமூடிக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதைந்து, பிசிஆர் (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) சரியாக வராது. ரத்தத்துக்கு ஊதா மூடிக் குழாய். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்துள்ள குழாய் பிசிஆரைக் கெடுக்கும்.

கேள்வி: பொள்ளாச்சி சந்தையில் வாங்கிய மாட்டால்தான் நோய் வந்ததா என்று மரபணுவை வைத்துச் சொல்ல முடியுமா? (மீனாட்சிபுரம்)

பதில்: பெரும்பாலும் முடியாது. கோமாரி வைரஸ் ஆர்என்ஏ வகை, வேகமாக மாறும். அதனால் ஊருக்கு ஊர் தடம் பிடிக்கலாம். கழலை நோய் வைரஸோ அம்மைக் குடும்பத்து டிஎன்ஏ வைரஸ். சுமார் 1,51,000 எழுத்துகள் கொண்ட மரபணு, மெதுவாகத்தான் மாறும். பக்கத்துப் பக்கத்துத் தொழுவங்களில் ஒரே மரபணு வரிசை வந்தால் யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரியாது. ஒன்றிரண்டு மரபணுத் துண்டுகளை மட்டும் படித்தால் இன்னும் குறைவாகத்தான் தெரியும்.

பெரிய தடத்துக்கு இது நன்றாகவே உதவும். 2022 பரவலின்போது எடுத்த மாதிரிகளின் முழு மரபணுவை இந்திய அறிவியல் கழகத்தினர் படித்தபோது இரு கிளைகள் தெரிந்தன: ஒன்று 2019 ராஞ்சி, 2020 ஹைதராபாத் வைரஸ்களை ஒத்தது, மற்றது 2015 ரஷ்யப் பரவலை ஒத்தது.

உங்கள் கேள்விக்கு விடை நாட்குறிப்பில்தான் இருக்கிறது. முதல் கழலை தெரிந்த நாளிலிருந்து 28 நாள் பின்னோக்கிப் போங்கள்: எந்த மாடு வந்தது, எந்த வண்டியில், அதில் வேறு எந்த மாடுகள். ஆனால் கடிக்கும் ஈ, கொசு, உண்ணிக்குச் சோதனைச்சாவடி கிடையாது. மாட்டு வியாபாரியைக் குற்றம் சொல்லும் முன் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கழலை நோயைத் தடுக்க மாட்டுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டும் கழலை வந்தது. ஊசிதான் காரணமா? (வேலந்தாவளம்)

பதில்: ஊசி போட்ட இடத்தில் மட்டும் சிறு வீக்கம் வந்தால் பயமில்லை. உடம்பு முழுக்க வந்தால், எதிர்ப்புச் சக்தி உருவாகும் முன்பே தொற்றியிருக்கலாம். வைரஸின் ஜிபிசிஆர் என்ற மரபணுவைப் படித்தால் ஆட்டம்மை வைரஸும் கழலை நோய் வைரஸும் பிரிந்து தெரியும். மாதிரியுடன் ஊசி போட்ட தேதியையும் தடுப்பூசித் தொகுதி எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: பால்?

பதில்: மனிதருக்கு இந்த நோய் தொற்றாது. எப்போதும் போலக் காய்ச்சிக் குடியுங்கள்.