கீமோ நடக்கும்போது வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. இரண்டு பிள்ளைகள். வேலையை விட்டுவிடலாமா, சமாளிக்க முடியுமா?

பதில்: ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் இது, மற்றதெல்லாம் அப்புறம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எனக்கும் மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி ரிசல்ட் வந்தபோது பெரியவள் ஏழாவது, சின்னவன் யூ.கே.ஜி. விஷயம் தெரிந்ததும் ஆபீசில் மூத்தவர் ஒருவர், நல்ல மனதோடுதான், "எழுதிக் குடுத்துட்டு வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்றார். வீட்டிலும் அதே பேச்சு. ஆனால் என் சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது அரசாங்கத்தின் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தது. பலருக்குத் தெரியாத விஷயம் இது: சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், அதோடு அது முடிவதில்லை, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து தேவையான நாட்களுக்குப் பிடித்தமும் கட்டியிருந்தால், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு வருடம் கிடைக்கும். வேலைக்குப் போன நாளுக்குக் கிடையாது, டாக்டர் சர்டிபிகேட்டோடு வீட்டில் இருந்த நாளுக்குத்தான். உங்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லாவிட்டாலும் கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

சரி, உடம்பு தாங்குமா என்பது அடுத்தது. எனக்குக் கொடுத்தது நிறைய பேருக்குக் கொடுக்கிற வரிசைதான், முதலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நிறத்தை வைத்து சிவப்பு மருந்து என்று சொல்கிற கீமோ, அப்புறம் வாரா வாரம் பாக்லிடாக்செல் என்கிற இன்னொரு கீமோ மருந்து. சிவப்பு மருந்து ஏற்றிய முதல் நாலைந்து நாள் எதையும் திட்டம் போடாதீர்கள். வாந்திக்கு இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, என்னைப் படுத்தியது வாசனைதான். கடுகு பொரிகிற வாடை வந்தாலே மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன், அதனால் மாமியார் பக்கத்து வீட்டு அடுப்பில் தாளித்துக் கிண்ணத்தில் மூடி எடுத்து வருவார், பிள்ளைகள் சாப்பாட்டில் ருசி குறையக் கூடாது என்று. இரண்டாவது வாரம் தெம்பு வந்த மாதிரி இருக்கும், அதை நம்பாதீர்கள், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. அந்த வாரம் நான் ஆபீஸ் பக்கம் போகமாட்டேன், சின்னவனுக்கு மூக்கு ஒழுகினால் அவன் பாட்டியோடு படுத்துக்கொள்வான். மூன்றாவது வாரம் நம் கையில். சோறு சோறாக ருசிக்கும். பார்ட்டி கணக்கைச் சரிபார்ப்பது, பெரியவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாவற்றையும் அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்வேன். முதலாளிக்குக் கீமோ தேதிகளை முன்னாடியே எழுதிக் கொடுத்ததால் யாரும் ஒவ்வொரு நாளும் "வருவீங்களா" என்று கேட்கவில்லை.

பிள்ளைகளிடம் நோயின் பெயரையே சொல்லிவிடுங்கள், தெருவில் யாராவது சொல்லிக் கேட்பதைவிட அது நல்லது. சின்னவன் "தொட்டா ஒட்டிக்குமா" என்று கேட்டான், ஒட்டாது என்று சொல்லி மடியில் இழுத்து உட்காரவைத்தேன். பெரியவள் "எனக்கும் வருமா" என்று கேட்டாள். அதற்கு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவளை டாக்டரிடமே கூட்டிப் போனேன், பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும், அதற்குள் குட்டையாக வெட்டிக்கொண்டால் பிள்ளைகளுக்கும் அதிர்ச்சி குறைவு.

பாக்லிடாக்செல் காலத்தில் வாடைத் தொல்லை போய்விட்டது, ஆனால் விரல் நுனி மரத்துவிட்டது. வவுச்சரைப் புரட்டினால் கையில் இருப்பது ஒரு தாளா இரண்டு தாளா என்றே தெரியாது, யூனிஃபார்ம் பட்டனைப் பெரியவள்தான் தம்பிக்குப் போட்டுவிட்டாள். இதைப் பொறுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் டோஸைக் குறைப்பார்கள், விட்டுவிட்டால் மரமரப்பு தங்கிவிடலாம். ரேடியேஷன் எனக்குக் கோயம்புத்தூரில், திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 15. மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான், அலைச்சலும் அசதியும்தான் அதிகம். கடைசி வாரத்துக்கு முழு லீவ் போட்டுவிடுங்கள், அசதி அதற்கு அப்புறமும் சில வாரம் இருக்கும்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கையைப் பத்திரமாகப் பாருங்கள். அந்தப் பக்கம் ஊசி, பி.பி. வேண்டாம் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள், அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் எதையும் தூக்காதீர்கள், வீக்கம் வந்தால் சரிசெய்வது கஷ்டம். ஆனால் பிசியோ சொல்லித் தந்த பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். சுவரில் விரலால் மேலே ஏறுவேன், எட்டிய இடத்தில் பெரியவள் பென்சிலால் கோடு போடுவாள், நேற்றைய கோட்டைத் தாண்டாவிட்டால் "இன்னொரு தடவை"!

உங்களுக்கு எந்த மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறையா வாரா வாரமா, பிள்ளைகளுக்கு என்ன வயது, வீட்டில் உதவிக்கு யார் என்று எழுதுங்கள். லீவை எப்படிப் பிரித்துப் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.